சித்தூர் இரண்டு, மௌன ராகம் நான்கு: ஒரே பெயரில் வரும் படங்கள், சீரியல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், நீ யார்? உனக்கு எதற்கு இந்த வேலை?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கேபிள், டிஷ் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் பேசுவது தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் எழுதிக் கொடுப்பது மலையாளம். போதாததற்குப் பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்தது ஆந்திரா சித்தூரில், அதனால் போனில் தெலுங்கு சீரியல் கதையும் வந்து சேரும். எங்கள் ஊர்ப் பெயருக்கே இந்தக் குழப்பம் உண்டு. போன ஓணத்துக்குப் பெரியம்மாவுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் பார்சல் போட்டேன், அவசரத்தில் சித்தூர் என்று மட்டும் எழுதி, பின்கோடு இடத்தில் பழக்கதோஷத்தில் நம்மூர் எண்ணைப் போட்டுவிட்டேன். நாலாம் நாள் பார்சல் சித்தூர் வரைக்கும் சுற்றிவிட்டு எங்கள் கடை வாசலுக்கே வந்து நின்றது.

கடைக்கு வருபவர்கள் ரீசார்ஜ் பண்ணிக்கொண்டே கேட்கிற கேள்விகளில் பாதி, ஒரே பெயரில் இருக்கிற ரெண்டு மூணு கதைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான். அடிக்கடி வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

மௌன ராகத்தில் அந்தப் பெண் பேசிவிட்டாளா?

இந்தக் கேள்வியால் கடையில் ஒரு சண்டையே நடந்தது. பக்கத்து வீட்டு அம்மிச்சி வந்து, "ஏன் கண்ணு, மௌன ராகத்துல அந்தப் புள்ளைக்குப் பேச்சு வந்துருச்சாமா?" என்று கேட்டார். பில் கட்ட வந்திருந்த அக்கா ஒருவர், "என்னங்க அம்மிச்சி, அது நல்லாப் பாடற புள்ளையாச்சே, ஊமைன்னு சொல்றீங்க?" என்றார். ரெண்டு பேரும் பத்து நிமிஷம் பேசினார்கள், ரெண்டு பேரும் சொன்னது சரி. அம்மிச்சி பார்ப்பது ஏஷியாநெட். அக்கா பார்த்தது விஜய் டிவி.

எங்கள் கடையில் கேட்கப்படும் மௌன ராகங்கள் நாலு. முதலாவது 1986-ல் வந்த மணிரத்னம் படம், மோகன், ரேவதி, கார்த்திக் நடித்தது, பிடிக்காத கல்யாணத்தில் மாட்டிக்கொண்ட திவ்யாவின் கதை. இரண்டாவது விஜய் டிவியில் 2017-ல் தொடங்கிய சீரியல், பாடகரான அப்பாவைத் தேடிப் போகும் சின்னப் பெண் சக்தியின் கதை. மூன்றாவது தெலுங்கில் ஸ்டார் மா சேனலில் வந்தது, நாயகிக்குப் பேச்சு வராது. நாலாவது ஏஷியாநெட்டில் 2019 கடைசியில் தொடங்கிய மலையாள சீரியல், அந்தத் தெலுங்குக் கதையை ஒட்டி எடுத்தது, நாயகி கல்யாணியும் வாய் பேச முடியாதவள். ஆக மூணாவதும் நாலாவதும் மட்டும்தான் சொந்தக்காரர்கள். விஜய் டிவிக்காரியும் மணிரத்னத்தின் திவ்யாவும் அந்த வீட்டுக்கு யாரோ.

அம்மிச்சிக்குப் பதில் சொல்லவில்லையே என்று கேட்காதீர்கள். இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்கு எதற்குக் கதையைக் கெடுக்க வேண்டும்?

அப்போது விஜய் டிவி மௌன ராகம் மலையாளத்தில் வரவே இல்லையா?

வந்தது, வேறு பெயரில். ஏஷியாநெட்டில் ஓடிய வானம்பாடியும் அதே கதைதான். ரெண்டுக்கும் மூலம் ஒரு வங்காள சீரியல், பொட்டோல் குமார் கான்வாலா. தெலுங்கில் அதே கதை கோயிலம்மா. சரி, வானம்பாடி என்றால் மலையாளம் என்று மனதில் போட்டுக்கொள்ளலாமா என்றால் அதுவும் முடியாது, 1963-ல் எஸ்.எஸ். ராஜேந்திரன், தேவிகா நடித்த தமிழ்ப் படம் ஒன்று இருக்கிறது, அதன் பெயரும் வானம்பாடி.

எல்லைப்பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் ரெட்டைத் தலைவலி. பெயர் ஒன்றாக இருந்தால் கதை வேறு, கதை ஒன்றாக இருந்தால் பெயர் வேறு. அதனால் என் கடையில் யார் வந்து சீரியல் பெயரைச் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது ரெண்டுதான்: எந்தச் சேனல், யார் நடிக்கிறார்கள்.

சாந்த்வனமும் பாண்டியன் ஸ்டோர்ஸும் ஒன்றா?

ஆமாம். விஜய் டிவியில் 2018-ல் வந்த பாண்டியன் ஸ்டோர்ஸ் கதையை வைத்துத்தான் ஏஷியாநெட் 2020-ல் சாந்த்வனம் தொடங்கியது. தெலுங்கில் அது வதினம்மா. மளிகைக்கடை, அண்ணன் தம்பிகள், எல்லாரையும் தன் பிள்ளைபோல வளர்த்த அண்ணி. மூணு பக்கமும் அதே அடுப்படி, அதே கண்ணீர்.

ஆனால் கொஞ்சம் வயதான மலையாளிகளிடம் சாந்த்வனம் என்று சொன்னால் அவர்களுக்கு ஞாபகம் வருவது 1991-ல் சிபி மலயில் எடுத்த படம், நெடுமுடி வேணுவும் மீனாவும் நடித்தது. எங்கள் தெருவில் இரண்டு தலைமுறைக் குழந்தைகள் தூங்கிய தாலாட்டு அந்தப் படத்தில் சித்ரா பாடியதுதான், தமிழ் வீடுகளிலும் சேர்த்து. அதற்கும் மளிகைக்கடை அண்ணிக்கும் சம்பந்தம் கிடையாது.

பாண்டியன் ஸ்டோர்ஸ் 2-ல் மூர்த்திக்கு எப்படி இவ்வளவு பெரிய பிள்ளைகள்?

அது மூர்த்தி இல்லை. அதே நடிகர் ஸ்டாலின் முத்துதான், ஆனால் 2023-ல் தொடங்கிய ரெண்டாம் பாகத்தில் அவர் பாண்டியன் என்ற வேறு ஆள், வேறு குடும்பம், வேறு கதை. பெயரும் ஒன்று, முகமும் ஒன்று, ஆள் மட்டும் மாறிவிட்டார். இதற்கு மேல் நான் எப்படி விளக்க?

கார்த்திகை தீபம்?

இதற்கு ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். தெலுங்கில் ஸ்டார் மாவில் 2017 முதல் வந்த கார்த்திக தீபம், நிறம் கறுப்பு என்று அவமானப்படும் தீபாவும் டாக்டர் கார்த்திக்கும். ஆந்திராவில் அவளை வண்டலக்கா என்றே கூப்பிட்டார்கள், பெரியம்மா வீட்டில் ராத்திரிச் சாப்பாடே வண்டலக்கா முடிந்த பிறகுதான். அந்தக் கதை கிளம்பியது எங்கள் பக்கத்திலிருந்து, ஏஷியாநெட்டின் கறுத்தமுத்து. அதுவே தமிழில் விஜய் டிவியில் 2019-ல் பாரதி கண்ணம்மா ஆனது. அந்தப் பெயரில் 1997-ல் சேரன் இயக்கி, பார்த்திபனும் மீனாவும் நடித்த படம் ஏற்கெனவே இருக்கிறது, அது சாதி தாண்டிய காதல் கதை.

சரி, அப்புறம் ஜீ தமிழில் 2022-ல் கார்த்திகை தீபம் என்று ஒரு சீரியல் தொடங்குகிறது. அதிலும் நாயகி கறுப்பு, அதிலும் அவள் பெயர் தீபா, அதிலும் நாயகன் கார்த்திக். பெரியம்மா போன் பண்ணி, "நம்ம வண்டலக்கா தமிழ்ல வந்துட்டாடா" என்று ஒரே சந்தோஷம். இல்லை பெரியம்மா, இது கிருஷ்ணகோலி என்ற வங்காள சீரியலின் கதை, இவள் பாடகி என்று சொன்னால் நம்பவே இல்லை. எனக்கே முதல் வாரம் சந்தேகம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இதுபோக ஜீ கேரளத்திலும் கார்த்திக தீபம் என்று ஒன்று ஓடியது, அது இன்னொரு கதை. 1979-ல் சோபன்பாபு நடித்த தெலுங்குப் படம் கார்த்திக தீபம் தனி.

சீரியல்காரர்களுக்குப் புதுப் பெயரே கிடைக்காதா?

கிடைக்கும். ஆனால் புதுப் பெயரை மக்கள் மனதில் ஏற்ற மாசக்கணக்கில் விளம்பரம் போட வேண்டும், பழைய படப் பெயர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. சன் டிவியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: சித்தி, அண்ணாமலை, ரோஜா, அன்பே வா, பூவே உனக்காக, வானத்தைப் போல, கயல், எதிர்நீச்சல். எல்லாம் படப் பெயர்கள். விஜய் டிவியில் ராஜா ராணி, ஆயுத எழுத்து, மகாநதி. ராஜா ராணி என்று சிவாஜி, பத்மினி நடித்த 1956 படமும் உண்டு, 2013 அட்லீ படமும் உண்டு.

என் கணக்கில் இதில் கெட்டிக்காரத்தனமாகப் பெயர் வைத்தது ராதிகாதான். சித்தி 1966-ல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் படம், பத்மினி நடித்தது, தன் குடும்பத்துக்காக வயதானவருக்கு இரண்டாம் தாரமாகப் போகும் பெண். 1999-ல் ராதிகா அதே பெயரில் சீரியல் எடுத்தபோது கதை வேறாக இருந்தாலும், சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று நினைக்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை பழைய படத்துக்கும் இருந்தது, சீரியலுக்கும் இருந்தது. அண்ணாமலை அப்படி இல்லை. ரஜினி படம் 1992-ல் பால்காரர் பணக்காரராவது, சீரியல் 2002-ல். பெயரைத் தாண்டி ஒட்டு உறவு கிடையாது.

எதிர்நீச்சல் எந்தப் படத்தின் கதை?

எந்தப் படத்தின் கதையும் இல்லை. 1968-ல் கே. பாலசந்தர் எடுத்தது, பல குடித்தனங்கள் இருக்கிற வீட்டில் எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்துகொண்டு படிக்கிற மாதுவாக நாகேஷ். 2013-ல் சிவகார்த்திகேயன் நடித்தது, குஞ்சிதபாதம் என்ற பெயரால் ஊரெல்லாம் கேலிக்கு ஆளாகிப் பெயரை மாற்றிக்கொள்ளும் பையன், அப்புறம் மாரத்தான். பெயர்ப் பிரச்சினையைப் பற்றிய கதைக்கு இன்னொரு படத்தின் பெயரையே வைத்தார்கள், நல்ல வேடிக்கை. 2022-ல் வந்த சீரியல் ஆதி குணசேகரன் வீட்டு மருமகள்கள். அந்த வேஷத்தில் மாரிமுத்து பேசியதை எங்கள் ஊர் மலையாளிகள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர் 2023 செப்டம்பரில் இறந்தபோது சந்தைக்கடையில் எல்லாரும் வீட்டு மனுஷன் போனதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரஜினி படப் பெயரில் வந்த புதுப் படங்களில் எது அதே கதை, எது பெயர் மட்டும்?

இதற்கு அப்புச்சி வயதுக்காரர்களும் காலேஜ் பையன்களும் ஒரே மாதிரி அடித்துக்கொள்வார்கள்.

பில்லா, அதே கதை. 1980-ல் ரஜினி, 2007-ல் அஜித், ரெண்டுக்கும் அடி வேர் அமிதாப்பின் டான். மாப்பிள்ளையும் அப்படியே: 1989-ல் ரஜினி, 2011-ல் தனுஷ், திமிர் பிடித்த மாமியாரை அடக்கும் கதை, அதற்கும் மூலம் சிரஞ்சீவி நடித்த தெலுங்குப் படம். முரட்டுக்காளையும் 2012-ல் சுந்தர்.சி-யை வைத்து அதே கதையாகத்தான் வந்தது.

பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவை: பொல்லாதவன், படிக்காதவன், தங்க மகன், மூணும் தனுஷ். 2007 பொல்லாதவனில் தொலைந்த பைக்கைத் தேடும் பையனுக்கும் 1980 பொல்லாதவனுக்கும் ஒரு நூல்கூடத் தொடர்பில்லை. மனிதன் 2016-ல் உதயநிதி நடித்தது வக்கீல் கதை, இந்தி ஜாலி எல்எல்பியிலிருந்து. வேலைக்காரன் 2017-ல் உணவுக் கலப்படம், ஃபகத் ஃபாசில் தமிழுக்கு வந்த படம் என்பதால் பாலக்காட்டுப் பக்கம் அதை அவருக்காகவே போய்ப் பார்த்தவர்கள் நிறைய.

மாவீரனைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1986-ல் ரஜினி, இந்தி மர்த் படத்தின் தமிழ். 2023-ல் சிவகார்த்திகேயன், காதில் குரல் கேட்கிற கார்ட்டூன் ஓவியர். நடுவில் 2011-ல் ஒன்று, அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: ராஜமௌலியின் மகதீரா தமிழ் டப்பிங்கில் மாவீரன் என்ற பெயரில்தான் வந்தது. ஒருவர் கடைக்கு வந்து, "ராம்சரண் நடிச்ச மாவீரன் எந்தச் சேனல்ல போடறாங்க?" என்றபோது பக்கத்தில் நின்ற பையன் சிரித்தான். சிரித்தவன்தான் தப்பு.

விக்ரம் பார்க்க வேண்டுமென்றால் பழைய விக்ரமைப் பார்த்தாக வேண்டுமா?

வேண்டாம். 1986 படம் சுஜாதா கதை, கடத்தப்பட்ட ஏவுகணையை மீட்கப் போகும் உளவாளி. 2022-ல் லோகேஷ் கனகராஜ் எடுத்ததில் அதே ஏஜெண்ட் வயதாகி வருகிறார், ஆனால் பழைய கதை தெரியாமலே புரியும். ரெண்டிலும் கமல், ரெண்டும் ராஜ்கமல் நிறுவனம், அதனால் பெயருக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஜெயிலர் டிக்கெட் விஷயத்தில் நிஜமாகவே ஏமாந்தாயா?

ஏமாறவில்லை, என் கை செய்த தப்பு. 2023 ஆகஸ்ட் 10-ஆம் தேதி நெல்சன் இயக்கிய ரஜினியின் ஜெயிலர் வந்தது. கேரளாவில் அதற்குக் கூட்டம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை, மோகன்லால் வேறு இருக்கிறார், வில்லன் நம்ம விநாயகன். அதே நேரத்தில் மலையாளத்தில் ஜெயிலர் என்றே ஒரு படம் தயாராகி இருந்தது. சக்கீர் மடத்தில் இயக்கியது, தியான் சீனிவாசன் நடித்தது, அஞ்சு குற்றவாளிகளோடு ஒரு பங்களாவில் தங்கிப் பரிசோதனை நடத்தும் சிறை அதிகாரியின் கதை. கேரளாவிலாவது ரஜினி படத்தின் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டார்கள், நடக்கவில்லை. கடைசியில் மலையாளப் படம் ஒரு வாரம் தள்ளி ஆகஸ்ட் 18-ல் வந்தது.

அந்த வாரம்தான் மாமாவும் அத்தையும் பாலக்காடு போய் ரஜினி படம் பார்க்க என்னிடம் டிக்கெட் போடச் சொன்னார்கள். கடையில் நாலு பேர் நிற்க, ஜெயிலர் என்று தட்டி, தியேட்டரைப் பார்த்து, பணம் கட்டி, அனுப்பிவிட்டேன். படம் தொடங்கி இருபது நிமிஷத்தில் போன். "ஏண்டா, தலைவர் எப்பத்தான்டா வருவாரு?" என்றார் மாமா. நான் போஸ்டரைத் திறந்து பார்த்தேன், தியான் சீனிவாசன் சீருடையில் நிற்கிறார். அத்தைக்குப் படம் பிடித்துப் போனது, மாமா இடைவேளையோடு வெளியே வந்து உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் டிக்கெட் போடச் சொன்னால், "ஹீரோ மூஞ்சியப் பாத்துட்டுப் போடு" என்பார்.

ஒருத்தர் வைத்த பெயரை இன்னொருத்தர் வைக்கச் சட்டம் விடுகிறதா?

வெறும் பெயருக்குக் காப்புரிமை கிடையாது. தேசி பாய்ஸ் என்ற இந்திப் படம் தொடர்பான வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கதைக்கு உரிமை உண்டு, தலைப்பு மட்டும் தனியாக ஒரு படைப்பு ஆகாது. வணிகச் சின்னமாகப் பதிந்து வைத்துப் போராடலாம், அது வேறு வழி. நடைமுறையில் தயாரிப்பாளர் சங்கத்திலும் ஃபிலிம் சேம்பரிலும் தலைப்பைப் பதிவு செய்கிறார்கள். ஆனால் சென்னையில் பதிவது தமிழுக்கு, கொச்சியில் பதிவது மலையாளத்துக்கு, ஐதராபாத்தில் பதிவது தெலுங்குக்கு. ஒரு இடத்தில் பதிந்தவருக்கு அடுத்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போகும். அதில் விழுகிற ஓட்டையில்தான் ஜெயிலர் மாதிரி விஷயங்கள் நடக்கின்றன.

பராசக்தியும் அப்படித்தான். 1952-ல் கலைஞர் வசனம், சிவாஜியின் முதல் படம், கிருஷ்ணன் பஞ்சு இயக்கியது. 2025 ஜனவரியில் சுதா கொங்கரா, சிவகார்த்திகேயன் படத்துக்கு அந்தப் பெயர் என்று அறிவித்தார்கள். அதே சமயத்தில் விஜய் ஆண்டனி தன் சக்தித் திருமகன் படத்துக்குத் தெலுங்கில் பராசக்தி என்று வைத்திருந்தார். தமிழில் பெயர் இவர்களுடையது, தெலுங்கில் அவருடையது! பேசித் தீர்த்துக்கொண்டார்கள், விஜய் ஆண்டனி படம் தெலுங்கில் பத்ரகாளி ஆனது, சிவகார்த்திகேயனின் பராசக்தி 2026 பொங்கலுக்கு வந்தது.

இதெல்லாம் இப்போது வந்த பிரச்சினையா?

இல்லவே இல்லை. உத்தம புத்திரன் 1940-ல் பி.யு. சின்னப்பா நடித்து ஓடிய படம். ஐம்பதுகளில் அதை மறுபடி எடுக்கப் போவதாக எம்.ஜி.ஆரும் அறிவித்தார், சிவாஜி தரப்பும் அறிவித்தது. எம்.ஜி.ஆர். விட்டுக்கொடுத்து நாடோடி மன்னன் எடுத்தார், சிவாஜியின் உத்தம புத்திரன் 1958-ல் வந்தது, நாடோடி மன்னனும் அதே வருஷம். ரெண்டிலும் நாயகனுக்கு ரெட்டை வேஷம். 2010-ல் தனுஷ் நடித்த உத்தம புத்திரன் தெலுங்கு ரெடி படத்தின் தமிழ், அரண்மனையும் இல்லை, முகமூடியும் இல்லை.

2006-க்கு அப்புறம் பழைய பெயர்கள் கூடியதற்கு இன்னொரு காரணம், தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும், சட்டென்று எங்கே தேடுவது, அலமாரியில் ரஜினி படப் பெயர்கள் வரிசையாக இருந்தன.

மலையாளப் படத்தை வேறு மொழியில் எடுக்கும்போது பெயரை மாற்றுவார்களா, அப்படியே வைப்பார்களா?

ரெண்டும் உண்டு. பிரேமம் தெலுங்கிலும் பிரேமம். திருஷ்யம் தெலுங்கிலும் இந்தியிலும் ஏறக்குறைய அதே பெயர், தமிழில் மட்டும் பாபநாசம். சித்திக் தன் ஃப்ரெண்ட்ஸ் படத்தைத் தமிழில் எடுத்தபோது பெயரை விடவில்லை, பாடிகார்டைத் தமிழுக்குக் கொண்டு வந்தபோது காவலன் ஆக்கினார். எங்கள் ஊரில் மலையாளத்திலேயே பார்த்துவிடுவதால் தமிழ் வரும்போது, "இது நாம பாத்ததாச்சே" என்று பாதி தியேட்டர் முணுமுணுக்கும்.

ஏஷியாநெட்டின் குடும்பவிளக்கு பாரதிதாசன் கதையா?

ஒரு தமிழ் வாத்தியார் ஆசையோடு கேட்ட கேள்வி இது. இல்லைங்க ஐயா. பெயர்தான் பாவேந்தருடையது. கதை ஸ்ரீமொயி என்ற வங்காள சீரியலுடையது, தமிழில் அதுவே பாக்கியலட்சுமி. பாரதிதாசனின் தலைவி கணவனோடு அன்பாக வீட்டை நடத்துவாள், இங்கே கணவன் வேறொருத்தியோடு போய்விடுகிறான்.

அந்த சிப்ஸ் பார்சல் என்ன ஆச்சு?

திரும்பி வந்ததைக் கடைக்கு வந்தவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டேன், நமுத்துப் போயிருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு வேறு பார்சல் போட்டாயிற்று. பின்கோடு 517-ல் தொடங்கினால் ஆந்திரா சித்தூர், 678-ல் தொடங்கினால் எங்களுடையது.